கழுதை முட்டியில் சாத்திய கதவு

தால்தால் துறைமுகத்துக்கு மேலே, செம்புச் சுரங்கங்களிலிருந்து இறங்கும் தடத்தில் கழுதை முட்டி என்றொரு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. நடுவில் மாவு மாதிரிப் புழுதி. அடியில் இருப்பது குழியா கல்லா என்று டயர் இறங்கினால்தான் தெரியும். பள்ளிக்கூடப் படியை அதிகம் மிதிக்காமலே மூன்று லாரிக்குச் சொந்தக்காரனானவன் நான். அங்கே நானே முதல் கியரைத் தாண்டியதில்லை. வண்டியில் கூட வந்தவர்கள் முட்டியில் இறங்கி நடப்பார்கள். ஓட்டுகிறவன் தன் பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக வண்டியை இறக்குவான். வண்டி போனால் ஆளாவது குதிக்க வேண்டுமே.

என்னை விட்டால் அதில் கெட்டிக்காரன் என் வண்டி ஓட்டும் அன்செல்மோதான். மனைவி ஓல்கா இறந்த பிறகு இன்னும் வேகமாக இறக்கினான். துணிச்சல் கூடிவிட்டது என்று சுரங்கத்தில் பேசிக்கொண்டார்கள். துணிச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. ரொட்டி தின்றான், சூடாகத் தேநீர் குடித்தான். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

அன்று தாது மூட்டைகளோடு ஓல்காவின் தம்பி ரெமிஹியோவும் வந்தான். முட்டி வந்ததும் இறங்கினான். நடக்காமல் அன்செல்மோவின் ஜன்னலருகே வந்து நின்றான்.

“கதவு சாத்தியிருக்கு, மச்சான்.”

“புழுதி உள்ள வருது.”

“காத்தே இல்லியே. எப்ப இருந்து இப்படி?”

அன்செல்மோ யோசித்தான். ஓல்காவைப் புதைத்ததிலிருந்தே இருக்கலாம். சாத்துகிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ரெமிஹியோ சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்து, தன் பக்கக் கதவையும் சாத்தினான். இறங்கச் சொன்னதற்கு அசையவில்லை.

“பெரிய சூரன்னு ஊரே சொல்லுது. ஓட்டு, பாப்போம்.”

“இறங்கு மாப்ள. உனக்குப் புள்ளைங்க இருக்கு.”

“அது உனக்குத் தெரியுதுல்ல? அப்ப ஓட்டு.”

அன்செல்மோ முன்னால் பார்த்தான். பள்ளம் எப்போதும்போல் இருந்தது. பயம் வரவில்லை. ஆனால் கால் கிளட்சை விட மறுத்தது. எஞ்சினை அணைத்தான். பின்னால் போய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினான். இந்தப் பாரத்தோடு ஆளையும் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. தனியாக இறங்கிய நாட்களிலும் பாரம் அதிகம்தான். அதுவும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ரெமிஹியோவும் இறங்கி வந்து கைகொடுத்தான். பாதி மூட்டைகள் பாறையோரம் கிடந்தன. புழுதியில் பிடிமானம் கிடைக்க டயரில் காற்றைக் குறைத்தார்கள். இருவரும் ஏறினார்கள். இரு கதவும் திறந்திருக்க, முதல் கியரில் வண்டி ஊர்ந்து இறங்கியது.

கீழே வந்தபோது நிம்மதியும் இல்லை, துக்கமும் இல்லை. தாகமாக இருந்தது, வேறு யாருக்கோ இல்லை, அவனுக்கே. தண்ணீர் இருக்கிறதா என்று ரெமிஹியோவிடம் கேட்டான்.