லைன்மேன் வீட்டுப் பின்பக்கக் கேமரா

லைன்மேன் சார் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறியவர். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் அந்தப் பட்டத்துக்கு மட்டும் ஓய்வில்லை. வேலையில் இருந்த காலத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும் நாளிலும் கம்பத்து உச்சியில் நின்றுகொண்டு, "ஹலோ, லைன் டெஸ்டிங்!" என்று ரிசீவருக்குள் கத்திக்கொண்டிருப்பார். கத்துவது அவர் சுபாவம். சந்தோஷம் வந்தாலும் கத்துவார், எரிச்சல் வந்தாலும் கத்துவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

காரணம், மகள் அனுப்பிய இரண்டு கேமராக்களும், அவற்றின் படத்தை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஒரு பெட்டியும்.

மூன்று மாதத்துக்கு முன் அவர் மனைவி பின்பக்கம் துணி காயப்போடும்போது பாசி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். லைன்மேன் கடைக்குப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் அவள் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. அன்று பிடித்த பிடியை மகள் விடவே இல்லை. "ரெண்டு பேரும் எங்கிட்ட வந்துடுங்க. உங்களுக்குன்னு ஒரு ரூமையே ஒழிச்சு வெச்சிருக்கேன்." அவள் வீடு இருப்பது ஒன்பதாவது மாடியில். அங்கே ஓர் ஆணி அடிக்கவே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். லைன்மேனுக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டியது. மனைவிக்கோ தையல் மெஷினும், அளவுச் சட்டையோடு வந்து கதை பேசும் தெருப் பெண்களும் இல்லாவிட்டால் சோறு இறங்காது. "இப்பல்லாம் தடி இல்லாமலே நடக்கிறேன்டி" என்று அவள் சொன்னதை மகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "போன்ல எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க" என்றாள்.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பக்கமும் பின்பக்கமும் மகளின் போனில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

"மாட்டுறதுக்கு ஆள் அனுப்பட்டுமாப்பா?" என்று மகள் கேட்டதுதான் தாமதம், "எனக்கா ஆளு?" என்று லைன்மேன் கத்தியதில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

முன்பக்கம் சுவரில் ஒயருக்கு ஏற்ற மாதிரி அளவாக ஓட்டை போட்டார். ஒயர் நுழையும், அதன் நுனியில் இருந்த பிளாஸ்டிக் தலை நுழைய மாட்டேன் என்றது. ஓட்டையைப் பெரிதாக்கினால் உள்ளே இரும்புக் கம்பி. பக்கத்தில் இன்னோர் ஓட்டை போட்டதில் தட்டளவு காரை பெயர்ந்து அவர் தலையில் விழுந்தது. வெள்ளைத் தலையோடு உள்ளே வந்தவரைப் பார்த்து மனைவி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு மணிக்கு வாசல் கேட் டிவியில் பளிச்சென்று தெரிந்தது. லைன்மேன் கைதட்டிக் குதித்தார்.

பின்பக்கம்தான் படுத்தி எடுத்தது. கூடவே வந்த ஒயர் ஒரு முழம் குறைந்தது. அவர் அசரவில்லை. கடையிலிருந்து ஒயர் சுருளும் தலைகளும் வாங்கி வந்து இரண்டு நுனியிலும் தானே தலை மாட்டினார். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் சொட்டி விழ, ஓட்டைக்குக் கீழே ஒயரில் ஒரு வளைவுகூட விட்டார். சோதித்துப் பார்க்கும் கருவியில், ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. கேமராவிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. படம் மட்டும் வரவில்லை.

ஏறினார், இறங்கினார். கேமராவைத் துடைத்தார். கடைசியில் இரண்டு கேமராவையும் இடம் மாற்றிப் பார்த்தார். முன்பக்க ஒயரில் இரண்டுமே படம் காட்டின. பின்பக்க ஒயரில் இரண்டுமே காட்டவில்லை. கோளாறு கேமராவில் இல்லை, அவர் ஒயரில். முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் ஒயர் இழுத்தவருக்கு முகம் சுண்டிப்போனது. மணி நாலே கால்.

மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடவே வந்த குட்டை ஒயரின் தலையையும் அவர் ஒயரில் பெட்டிப் பக்கத்துத் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நூல் நிறம் பார்த்துப் பழகிய கண்.

"என்னங்க, கூட வந்த ஒயர்ல பச்சைக்கும் வெள்ளைப்பச்சைக்கும் நடுவுல நீல ஜோடி நுழைஞ்சிருக்கு. உங்களுதுல பச்சை ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கே."

"ஒட்டித்தான் இருக்கணும்! ஒரு முறுக்குல இருக்கிற ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரணும். அது போன் லைனோட அரிச்சுவடி!"

"இது போன் இல்லையேங்க."

லைன்மேன் தலைகள் வந்த உறையை எடுத்துப் பார்த்தார். கேமராப் பெட்டி மூன்றாவது கம்பியையும் ஆறாவது கம்பியையும்தான் ஜோடியாக எடுத்துக்கொள்ளும் என்று அதிலேயே படம் போட்டிருந்தது. அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை. கை பழக்கத்தில் அடுக்கிவிட்டிருந்தது. இரண்டு நுனியும் ஒரே மாதிரி இருந்ததால் விளக்குகள் எரிந்தன, கரண்டும் கேமரா வரை போய்ச் சேர்ந்தது; படம் மட்டும் நீள ஒயரில் வழியிலேயே கலங்கிவிட்டது.

"அட முட்டாளே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, உற்சாகம் தலைக்கேற, பெட்டிப் பக்கத்துத் தலையை நறுக்கி எறிந்து நிறம் மாற்றி அடுக்கினார். பிறகு ஏணிக்கு ஓடினார். மேல் நுனி பாதியில் இருக்கும்போதே மனைவியின் போன் அடித்தது. மகள்தான்.

"முன்பக்கம் சூப்பரா தெரியுது. பின்பக்கம் வெறும் கறுப்பாத்தான் இருக்கு. அஞ்சு மணி ஆச்சும்மா. சொன்ன சொல் சொன்னதுதான்."

"ஒரு நிமிஷம்!" என்று மேலிருந்து ஒரு கத்தல். அவசரத்தில் கம்பி ஒன்று நழுவியது. மறுபடி அடுக்கினார். இடுக்கியை அழுத்தினார். டக்.

"வந்துடுச்சு! ஐயோ, படம் முழுக்க அப்பா மூக்கு!"

லைன்மேன் மூக்கை விலக்கிக்கொண்டார். முற்றம், குழாய், துணிக்கொடி, அவள் விழுந்த இடம், எல்லாம் மகளுக்குத் தெரிந்தன. கையில் போனோடு அம்மா விறுவிறுவென்று நடந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கைத்தடி எங்க?"

"அதுவா? கொடி தொய்ஞ்சு கேமராவை மறைச்சுது. அதுக்கு முட்டுக் குடுத்திருக்கேன் பாரு."

மகள் பார்த்தாள். கொடியின் நடுவில் தடி விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

"சரிம்மா" என்றாள். "அந்த ரூம்ல நான் பழையபடி துணியே காயப்போட்டுக்கறேன். அப்பாவை முதல்ல கீழ இறங்கச் சொல்லு."

அப்பா எங்கே இறங்கினார்! ஏணி உச்சியில் நின்று கேமராவைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஹலோ, லைன் ஓகே!"