உக்கிரபாண்டிக்குக் கிடைத்த கூட்டம்

பெயரில் இருக்கும் உக்கிரம் உக்கிரபாண்டிக்குத் தொண்டையில் மட்டும்தான். மற்றபடி பரம சாது. ராஜபாளையம் வட்டாரத்தில் சிவப்புக் கொடி பிடித்து யார் ஆர்ப்பாட்டம் நடத்தினாலும் கோஷம் அவருடையது. அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். வாலிபத்தில், உலக வர்த்தகத்துக்கு நாட்டைத் திறந்துவிடச் சொன்ன டங்கல் திட்டத்தை எதிர்த்து ஆரம்பித்தது. உலகமயம், தாராளமயம், தனியார்மயம் என்று மூன்று மயங்களையும் அறுபதை நெருங்கும் வயது வரைக்கும் ஒழிக ஒழிக என்று கத்தினார். மூன்றும் திடகாத்திரமாக இருந்தன. தொண்டைதான் கட்டிப்போனது.

ஒரு வேலைநிறுத்தத்தில் மில் வேலை போன பிறகு அவர் தொழிற்சங்கத்தின் முழுநேர ஊழியர். கௌரவமான பொறுப்பு. ஆனால் வீட்டில் உலை கொதித்தது என்னவோ மனைவி முனீஸ்வரியின் சம்பளத்தில். ஊருக்கு வெளியே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவள் தறி ஓட்டினாள். அங்கே நெய்கிற துணி கப்பலேறி அமெரிக்கா போகும்.

போன ஆவணியில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு வரியை ஏற்றியது. ஆர்டர் நின்றது. கம்பெனியில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டு, தற்காலிகப் பெண்களை, "சொல்லி அனுப்பும்போது வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முனீஸ்வரியும் அவர்களில் ஒருத்தி.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் இளந்தோழர் ஆல்வினுக்கு மட்டும் முகம் பூரித்திருந்தது.

"நவதாராளவாதம் முடிஞ்சுபோச்சு தோழர். தடையில்லா வர்த்தகம்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவனே வேலி அடைச்சுட்டான். நாம இம்புட்டு வருசமா சொன்னதுதான?"

"முடிச்சது யாரு, நாமளா?" என்றார் உக்கிரபாண்டி. "எதிராளி செத்துட்டாம்ங்கீங்க. போய்ப் பார்த்தா அவன் வீட்டுல அவன் அண்ணன் குடியேறியிருக்கான். நம்மள எழவுக்குக்கூட ஒருத்தன் கூப்பிடல."

ஆல்வின் சிரித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எதை எதிர்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தவரை அலுப்பிலும் ஒரு பிடிமானம் இருந்தது. இப்போது சுதேசி, சொந்தத் தொழில் என்று கண்டவனெல்லாம் அவர் வசனத்தைப் பேச ஆரம்பித்துவிட்டான். அவருக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லாதது மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முனீஸ்வரியின் கம்பெனி முதலாளி ஆள் அனுப்பினார். அந்த ஆபீசில் உக்கிரபாண்டிக்கு நாற்காலி போட்டது அன்றுதான் முதல் தடவை.

"நீங்க அன்னைக்குச் சொன்னது எங்களுக்குப் புரியல அண்ணாச்சி. இப்ப உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே அடி. மத்திய அரசு உதவி செய்யணும்னு ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீஸ் முன்னால ஆர்ப்பாட்டம் வைப்போம். ஆளுகள நான் அனுப்புதேன். கோஷம் நீங்க போடணும்."

"நிறுத்துன பொம்பளைகள மறுபடி எடுப்பியளா?"

"மொதல்ல இது நல்லபடியா நடக்கட்டும். பொறவு பார்ப்போம்."

முதலாளியோடு என்ன சகவாசம் என்று சங்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் 'பொறவு'க்காகத்தான் அவர் ஒத்துக்கொண்டார்.

ஆர்ப்பாட்டத்தன்று பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். வேலையில் இருப்பவர்களும் வந்தார்கள், நிறுத்தப்பட்டவர்களும் வந்தார்கள். பத்துப் பேரைச் சேர்ப்பதற்கே நாய் படாத பாடு பட்டவர், தெரு நிறைந்த கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போனார். முதலாளியும் வெயிலில் அவர் பக்கத்திலேயே நின்றார். கையை உயர்த்திப் பழக்கமில்லாததால் முஷ்டி காது வரைக்கும்தான் வந்தது.

"காப்பாற்று, காப்பாற்று! நெசவுத் தொழிலைக் காப்பாற்று!"

கூட்டம் அதிர அதிரத் திருப்பிச் சொன்னது. உக்கிரபாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் குரலுக்காக எத்தனை வருடம் காத்திருந்தோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது. மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் எழுதிக் கொடுக்காத வரியைப் போட்டார்.

"வேலைக்கு எடு, வேலைக்கு எடு! நிறுத்திய பெண்களை வேலைக்கு எடு!"

கூட்டம் வாயை மூடிக்கொண்டது. ஒரே ஒரு குரல் மட்டும் திருப்பிச் சொன்னது. அது முதலாளியின் குரல். தாளத்துக்கு வாய் பழகிப்போனதில் மனுஷர் வார்த்தையைக் கவனிக்கவில்லை. முஷ்டியை ஆட்டி முழு வரியையும் சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் குனிந்து சிரித்தார். உக்கிரபாண்டி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை முதலாளியும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்து, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். பஸ் நிழலில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"நீகூட வாயத் தொறக்கலையே முனீஸு. ஒனக்காகவுந்தான போட்டேன்?"

முனீஸ்வரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "வரும்போது பஸ்ல சூப்பர்வைசர் காதுல வந்து சொன்னாரு. திங்கக்கிழமை செல பேர எடுக்காவளாம், என் பேரும் இருக்காம். எந்த வம்புக்கும் போகாம கம்முனு இருந்தாத்தானாம். எனக்கு மட்டுந்தான் சொல்லுதாருன்னு நெனச்சேன். நீங்க கத்தும்போது ஒருத்தியும் வாயத் தொறக்கலைல்ல, அப்பத்தான் வெளங்குச்சு. அம்புட்டுப் பேர்ட்டயும் சொல்லியிருக்காரு."

உக்கிரபாண்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உலகத்தில் எந்தக் காலம் முடிந்து எந்தக் காலம் பிறந்தாலும், பஸ்ஸில் குனிந்து காதில் சொல்கிற ஆளுக்கு வேலை போகாது போல என்று தோன்றியது. அவள் மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை முனீஸ்வரியை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதே தெருவிலிருந்து அவளோடு போன மற்றவர்களைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். செய்தி தெரிந்தபோது உக்கிரபாண்டிக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். அது வந்துவிட்டதே என்று வெட்கம் பிடுங்கியது. ஆனாலும் சந்தோசம் போகவில்லை. திரும்பி வந்த பெண்களின் வாசல்களைத் தாண்டித்தான் சங்க ஆபீசுக்குப் போக வேண்டும். அன்றைக்கு அவர் போகவில்லை.