தண்ணிக்காரரும் காட்டுக்காரரும்

கார்ட்டூன் படங்களுக்குத் தமிழில் பாட்டு எழுதுகிறவர்களில் யார் பெரியவர் என்று நானும் என் தோழியும் போட்ட சண்டை எர்ணாவூர் குடியிருப்பின் மாடிப்படி முழுக்கக் கேட்கும். எங்கள் வீடு இரண்டாவது மாடி, அவள் வீடு மூன்றாவது. சினிமாவுக்கு எழுதுகிற கவிஞர்களுக்காக ஊரே சண்டை போட்டுக்கொள்ளும். எங்கிருந்தோ வந்த பொம்மைப் படத்தைத் தமிழாக்கும்போது அதற்குப் பாட்டு எழுதுகிறவர்களுக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டது நாங்கள் இரண்டு பேர் மட்டுமாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கேபிள்காரர் அந்தப் படங்களைப் போடுவார். பிடித்துப்போனால் சிடி வாடகைக்கு எடுத்து வந்து பாட்டுகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடுவோம். இரண்டு பேர் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடலுக்குள் நடக்கிற கதைக்கு எழுதியவர். அவர் என் ஆள். இன்னொருவர் காட்டு மிருகங்களின் கதைக்கு எழுதியவர். அவர் அவள் ஆள். பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியும், ஆனாலும் தண்ணிக்காரர், காட்டுக்காரர் என்றுதான் சொல்வோம்.

"தண்ணிக்காரராம்! எங்க நைனாவும்தான் தண்ணிக்காரரு. அவரு பாடாத பாட்டா?" என்பாள் தோழி.

"உன் ஆளு பாட்ட மொதல்ல முழுசா ஒரு தபா பாடுடி பாக்கலாம். பாதியிலயே மூச்சு நின்னுடும்."

"அதான்டி கெத்து. மூச்சு வுட எடம் வுடாம எழுதிக்கிறாரு பாரு. உன் ஆளு ரெண்டு வார்த்த எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுறாரு. திரும்பி வந்து இன்னும் ரெண்டு வார்த்த."

அவள் சொன்னது முழுக்கப் பொய்யில்லை. காட்டுக்காரரின் பாட்டில் சொற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடும். ஒரு சொல் முடிகிற இடத்திலேயே அடுத்தது எழுந்து நிற்கும். தண்ணிக்காரரிடம் சொற்கள் குறைவு. ஒரு அடி சொல்வார், நிறுத்துவார், இசை கொஞ்ச தூரம் தனியாகப் போகும், மறுபடி வந்து சேர்ந்துகொள்வார். அந்த நிறுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் இலக்கணத்தில் காரணம் தேடுவேன். சீர், தளை என்று அடுக்குவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். அம்மா காத்திவாக்கத்தில் பிறந்து திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஒரு பாட்டை அசை அசையாகப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

தமிழ் பி.ஏ. முடித்துவிட்டு, திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகள் வந்து நிற்கும் ஒரு யார்டின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். நல்ல வேலைதான். மின்விசிறிக்குக் கீழே உட்காருகிற வேலை என்று அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் படித்ததெல்லாம் எங்கோ மடித்து வைத்திருப்பது போல இருக்கும். அப்போதுதான் கல்லூரித் தோழி ஒருத்தி சொன்னாள், கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் புதிதாக ஒரு கார்ட்டூன் படம் தமிழுக்கு வருகிறது, முழுக்கப் பாட்டு, மெட்டுக்கு எழுத ஆள் தேடுகிறார்கள், எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்து எடுக்கிறார்கள் என்று. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று கேட்ட மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன். யார்டில் ஒரு நாள் லீவு வாங்கினேன்.

கிளம்புகிற காலையில் அம்மா கேட்டார். "இன்னா படம் அது?"

"பனிக்கரடிக் குட்டிம்மா. ஐஸ் கட்டி உடைஞ்சு, தனியா மெதந்துகினு போவுது. அப்ப பாடுது."

"எதுக்குப் பாடுது?"

"அம்மாவக் காணோம்னு."

"அப்ப கத்தும். பாடாது" என்றார் அம்மா. பிறகு தலையில் கூடையை ஏற்றிக்கொண்டே, "நல்லா எழுதிட்டு வா. கரடியா இருந்தா இன்னா, அதுக்கும் வாய் கீது இல்ல" என்றார்.

அம்மா விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டது அந்த வாயில்தான்.

ஸ்டுடியோவில் பாட்டுப் பொறுப்பைப் பார்த்தவர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறவர். என்னோடு இன்னும் இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். எங்களுக்கு அந்தக் காட்சியை மூன்று முறை போட்டுக் காட்டினார். குட்டி ஐஸ் மேல் உட்கார்ந்து வேற்று மொழியில் பாடியது. மெட்டு எனக்கு உடனே பிடிபட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது. மளமளவென்று எழுதினேன். "நான் நிற்கும் தரையே நகருதே" என்று ஒரு வரி விழுந்தபோது, இதற்கே வேலை கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மேடம் படத்தை ஓடவிட்டு என் வரிகளைத் தானே பாடிப் பார்த்தார். முதல் அடியிலேயே நிறுத்தினார்.

"இங்க வாய் அசையுதும்மா. வார்த்தை எங்க?"

"அந்த எடத்துல மத்தவங்க பதில் சொல்லுவாங்க மேடம்."

"எந்த மத்தவங்க?"

திரையைப் பார்த்தேன். குட்டியைச் சுற்றித் தண்ணீர் மட்டும் இருந்தது. மூலையில் கீபோர்டு வாசிக்கிறவர் சிரித்துவிட்டார். "மீனுங்க பதில் சொல்லுமோ என்னவோ மேடம்."

எனக்குக் காது சுட்டது. ஆனால் என்ன செய்திருக்கிறேன் என்பது அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. காத்திவாக்கத்தில் மாமாக்கள் கரைவலை இழுக்கும்போது ஒருவர் ஒரு அடியை எடுத்துக் கொடுத்து நிறுத்துவார். கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் பதில் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். நிறுத்தாமல் பாடினால் வலை நகராது. பள்ளி விடுமுறைகளில் அந்தக் கயிற்றில் நானும் நின்றிருக்கிறேன். எனக்குப் பாட்டு என்றாலே பாதி என்னுடையது, மீதி எதிரில் நிற்கிறவர்களுடையது. தனியாக மிதந்து போகிற குட்டிக்கும் ஒரு ஊரையே பக்கத்தில் வைத்து எழுதிவிட்டேன். தண்ணிக்காரரை எனக்கு ஏன் பிடித்தது என்பதும் அங்கேதான் தெரிந்தது. அவர் எங்களுக்கு இடம் விட்டு எழுதியிருந்தார்.

"கடைசியில 'அம்மா'ன்னு முடிச்சிருக்க. குட்டி வாயை ஆன்னு தொறந்து வச்சிருக்கு. 'ம்மா'ன்னா உதடு மூடும். ஒட்டாது" என்றார் மேடம். "சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தரம் காட்டு. அதுதான் கடைசி."

கீழே டீக்கடையில் இருந்த காயின் பூத்திலிருந்து தோழிக்குப் போன் செய்தேன். அவள் திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள்.

"உன் ஆளு பாட்டு ஒண்ணு சொல்லுடி. அந்தக் கொரங்கு தனியா மரத்து மேல பாடுமே, அது. ஒவ்வொரு அடியும் எந்த எழுத்துல முடியுதுன்னு சொல்லு."

மறுமுனையில் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினாள். பிறகு நிதானமாக, "இன்னாத்துக்கு? உன் ஆளு டீ குடிக்கப் போயிட்டாரா?"

"ஏய், பேஜார் பண்ணாத. காசு முடிஞ்சிடும்."

"எங்காளு பெருசுன்னு ஒரு தபா சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப வையி."

"தனியா பாடுறதுக்கு உங்காளுதான். போதுமா?"

"போதாது. மீதி வூட்டுக்கு வந்து சொல்லு" என்றாள். அப்புறம் கடையில் ஆட்கள் நிற்க நிற்க முழுப் பாட்டையும் பாடினாள். யாரோ "இன்னாமா, காப்பி எடுத்துக் குடுப்பியா மாட்டியா?" என்று கத்துவது கேட்டது. "இருங்கண்ணா, இங்க ஒரு கரடி உசுருக்குப் போராடிக்கினு கீது" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனாள்.

கேட்கக் கேட்க வழி தெரிந்தது. காட்டுக்காரர் அடிகளை ஆகாரத்திலும் ஓகாரத்திலும் முடிக்கிறார். வாய் திறந்தபடியே அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். அவர் வித்தை காட்டுகிறார் என்று இத்தனை நாள் நான் கேலி செய்தது வித்தை இல்லை. அந்தக் குரங்குக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்பதை அவர் பார்த்திருக்கிறார்.

மதியம் மறுபடி எழுதினேன். நகர்கிற தரையை வைத்துக்கொண்டேன். "அம்மா"வை எடுத்துவிட்டு "நீ எங்கே, எங்கே போனாயோ" என்று முடித்தேன். மேடம் பாடிப் பார்த்தார். குட்டியின் வாயும் என் சொல்லும் ஏறக்குறைய சேர்ந்தே நடந்தன. இரண்டு இடத்தில் இடறின. பிறகு மற்ற இரண்டு பேருடையதையும் வாங்கிப் பார்த்தார். அவர்களில் ஒருவர் எழுதியிருந்தது என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. எனக்கே தெரிந்தது.

"குட்டிப் பாட்டு அந்தத் தம்பிக்கு" என்றார் மேடம். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"எங்க போற? காலையில எழுதினியே, அந்தப் பேப்பர் இருக்கா?"

இருந்தது. கொடுத்தேன். அதை ஒருமுறை பார்த்துவிட்டு வேறொரு காட்சியைப் போட்டார். கடல்நாய்கள் கூட்டமாக வந்து பனிப்பாளத்தை முட்டி முட்டிக் கரைக்குத் தள்ளுகின்றன. ஒன்று பாட, மற்றவை எல்லாம் சேர்ந்து பதில் பாடுகின்றன. கீபோர்டுக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இந்த முறை சிரிக்கவில்லை.

"இதுக்கு நாலு பேர்கிட்ட எழுதி வாங்கிட்டேன். எல்லாரும் ஒரே ஆள் பாடுற மாதிரியே எழுதறாங்க" என்றார் மேடம். "திங்கட்கிழமை கொண்டு வா. சரியா வந்தா மத்த கும்பல் பாட்டும் உனக்குத்தான். ஆனா உதட்டைப் பார்த்து எழுதணும், புரியுதா?"

"புரியுது மேடம்" என்றேன். குட்டியின் பாட்டு கைவிட்டுப் போன வருத்தம் படி இறங்கும்வரை இருந்தது. ரோட்டுக்கு வந்ததும் போய்விட்டது.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டி வண்டியில் திரும்பியபோது, திருவொற்றியூரில் தோழி ஏறி என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். கூடவே, வண்டியிலேயே எழுதியிருந்த முதல் நான்கு அடியையும் பாடிக் காட்டினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மூணாவது அடி சரியில்ல" என்றாள்.

"ஏன்? நல்லாத்தான கீது?"

"தள்ளிக்கினு வர்றவனுக்கு மூச்சு வாங்கும். அவ்ளோ நீளமா எவன்டி பாடுவான்? இத எங்காளே எழுத மாட்டாரு."

மறுபடி பாடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பேனாவை எடுத்து அந்த அடியில் இரண்டு சொற்களை வெட்டினேன். வண்டி எர்ணாவூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்க வேண்டிய இடத்தை விட்டிருந்தோம்.