மழை நாளில் பால் ஏது?

போன செவ்வாய்க்கிழமை சுங்கை பட்டாணி நூலகத்தில், என் பக்கத்தில் இருந்த அக்கா மேஜையை ஓங்கித் தட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்கிறவள் நான்...

செய்யாத குற்றத்துக்குச் சிறை போனவர்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் அங்கே போனேன். இன்டர்நெட்டில் தேடினால், அடேயப்பா! தீர்ப்புகள் பக்கம் பக்கமாக வருகின்றன. பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவளுக்கு அகராதி இல்லாமல் ஒரு வரி நகராது. ஆனாலும் ஒன்று புரிந்தது. எந்த நாட்டு வழக்கானாலும், விடாமல் தோண்டிய யாரோ ஒருவர் இருக்கிறார். ஓர் அம்மா, ஒரு தங்கை.

அப்படிப்பட்ட தங்கை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்று கண்டேனா?

பரமேஸ்வரி அக்காவுக்குக் கோலா கெத்திலில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் பஸ் ஏறி வந்து பழைய மலாய்ப் பத்திரிகைகளைப் புரட்டுகிறார். இருபது வருடங்களுக்கு முன் அவர் அண்ணன் மேல் ஒரு வழக்கு. விடியற்காலையில் தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டித் திருடினாராம். "ஒத்துக்க, அபராதத்தோட விட்டுருவாங்க" என்று யாரோ சொல்ல, அவரும் தலையாட்டிவிட்டார். ஆறு மாதம் சிறை. இன்றுவரை காவலாளி வேலைக்குப் போனால்கூட அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கிறது.

"தீர்ப்பு வந்த நாளு பேப்பர் எல்லாம் பாத்துட்டேன் தங்கச்சி. அண்ணன் பேரே இல்ல. நம்ம ஆளு ஜெயிலுக்குப் போறது ஒரு நியூஸா?" என்று சிரித்தார். "சரி, திருடுனதா சொன்ன நாளையாவது பாப்போம்லா."

பார்த்தோம். முந்தின மாலை தொடங்கிய மழை காலை பத்து மணி வரை விடவில்லை, கோலா கெத்தில் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் என்று ஒரு சின்னச் செய்தி. நானும் படித்தேன். எனக்கு அது வானிலைச் செய்தி.

அப்போதுதான் அக்கா மேஜையில் தட்டிய அந்தத் தட்டு.

"மழையில யாரு பால் வெட்டுவா? நனஞ்ச மரத்துல கத்தி வச்சா பால் பட்டையெல்லாம் வழிஞ்சு ஓடிரும். பால் புடிக்கிற மங்குல மழைத்தண்ணிதான் நிக்கும்!"

போலீஸ், கோர்ட்டு, கோட்டுப் போட்டவர்கள்... அத்தனை பேரும் தாண்டிப்போன இடம். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் வெட்டிய அக்காவின் கை ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. படிப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம்?

அந்தச் செய்தியை நகலெடுத்துக்கொண்டு சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே வழக்கறிஞர், "குற்றத்தை ஒத்துக்கிட்ட வழக்கும்மா, சுலபமில்ல. ஆனா இதை வச்சுக் கேட்டுப் பாக்கலாம்" என்றார். அந்தக் 'கேட்டுப் பார்க்கலாம்' போதும் என்று அக்கா நேரே அண்ணன் மங்கு, தட்டு கழுவும் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குக் கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு.

அண்ணன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு மழைச் செய்தியின் நகலை வாங்கினார். இரண்டு முறை படித்தார்.

"எடுத்தேன் எடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி... நெசமாவே எடுத்தேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு புள்ள."

அக்கா 'காலை பத்து மணி வரை' என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது எத்தன காப்பி இருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்ணுதாண்ணே. கோர்ட்டுக்கு."

"எனக்கும் ஒண்ணு வேணும்லா."

அடுத்த தெரு போட்டோஸ்டாட் கடைக்கு நான்தான் ஓடினேன் — ஒன்றோடு நிறுத்துவேனா?