கொலஸ்ட்ராலும் என் அவியலும்

கொலஸ்ட்ரால் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எண்பதுகளின் நடுவில், தென்காசியில் ஒரு டாக்டரின் அறையில். என் கணவர் அப்போது வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். நின்றுபோன வண்டியைத் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்தது என்று போயிருந்தோம்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. ரத்தத்துல கொழுப்பு கூட. வெண்டை, அவரை, கத்தரின்னு காய்கறி நிறைய சாப்பிடணும். அதுல உள்ள நார் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். பரோட்டாவை விட்டுருங்க. ரெண்டு மாசத்துல குறையலைன்னா மாத்திரைதான்" என்றார் டாக்டர்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் குப்பிக்குள் வெள்ளையாக உறைந்து நிற்குமே, அப்படித்தான் அவர் ரத்தமும் உறையப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன்.

"இன்னும் ஓடுதாட்டி?" என்பார் கண்ணைத் திறக்காமலே.

மறுநாளிலிருந்து வீட்டில் காய்கறிதான். நான் செங்கோட்டையில் பிறந்தவள். தேங்காய் சேராத காயை எங்கள் வீட்டில் மாட்டுக்குத்தான் வைப்பார்கள். அவர் ஒதுக்கிவிடக் கூடாதே என்ற பயத்தில் கைப்பக்குவத்தையெல்லாம் காட்டினேன். மனிதர் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், கொழுப்பு இன்னும் கூடியிருந்தது.

எனக்குச் சந்தேகம் குற்றாலத்தின் மேல். சாரல் நேரம். பாதி நாள் அவருக்குச் சவாரி அங்கேதான். அருவியில் குளித்து வந்தவன் மூக்கில் படுகிற மாதிரியே பரோட்டாக் கடைகளைப் போட்டிருப்பார்கள். அன்றைக்கே பஸ் ஏறிப் போய், அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் விசாரித்தேன்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரக இங்கன என்ன சாப்பிடுதாக?"

கடைக்காரர் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்களே வந்துட்டியளா? அவுக ரெண்டு மாசமா டீ மட்டுந்தான் குடிக்காவ. எட்டு பரோட்டா தின்ன மனுசன். வீட்டுல அப்படி என்னதான் போடுதிய?"

பின்னால் காரின் கதவு சாத்தும் சத்தம். அவர்தான்.

"போலீஸ்ல சேந்துட்டியாட்டி?" என்றார்.

நான் போய்க் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "காய் எப்படிம்மா சமைக்கிறீங்க?"

பெருமையாகத்தான் சொன்னேன். "அவியலுக்கு ஒரு மூடி தேங்காய், டாக்டர். கூட்டுக்கு அரை மூடி. இறக்கும்போது மேலாப்புல ரெண்டு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க காய்க்குத் தேங்காய் போடலம்மா. தேங்காய்க்குத்தான் காய் போட்டிருக்கீங்க."

பக்கத்தில் இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அதன் பிறகு காயை வேகவைத்து, ஒரு சொட்டு எண்ணெயில் கடுகு தாளித்ததோடு சரி. முதல் நாள் தட்டைப் பார்த்து, "இதுக்கு நான் பரோட்டாக் கடைக்கே போயிருக்கலாம்" என்றார். ஆனாலும் சாப்பிட்டார். எனக்காகத்தான்.

அடுத்த சோதனையில் கொழுப்பு நன்றாகவே இறங்கியிருந்தது. மாத்திரை வேண்டாம், இதையே தொடரலாம் என்று டாக்டர் சொல்ல, இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

நான் எழவில்லை. "இப்படியே இறங்கிக்கிட்டே போயி, ஒண்ணுமே இல்லாம ஆயிருச்சுன்னா என்ன செய்யது, டாக்டர்?"

"ஏட்டி, வந்து வண்டியில ஏறு" என்றார் இவர், வாசலில் நின்று.