கசகசாவுக்கு இங்கிலீஷ்

எனக்குப் பொறுமை கிடையாது. விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். பீங்கான் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நான், எட்டாவதோடு ஸ்கூலை விட்ட ஒரு மனிதருக்குப் பத்தே நாளில் ஏர்போர்ட் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அந்த மனிதர் என் வீட்டுக்காரர்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் அப்போது ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிற அம்மாவின் வீடு. சொந்த அத்தை இல்லை, தெருப்பழக்கம். அவருடைய மகன் கல்ஃபில் இருந்தான். அவன்தான் என் வீட்டுக்காரருக்கு விசா எடுத்துக் கொடுத்தான். கம்பெனிச் சூளையில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய வாழ்வு. ஆனால் தனியாகப் போக வேண்டும். நடுவில் வேறொரு ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டும்.

ஏஜென்ட் மூன்று ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்திருந்தார். ஒன்றில் வார்த்தைகள், இன்னொன்றில் அதிகாரிகள் கேட்கிற கேள்விகள், மூன்றாவதில் கொண்டுபோகக் கூடாத சாமான்கள். எல்லாம் இங்கிலீஷ். நான் பிளஸ் டூ, அதுவும் தமிழ் மீடியம். மாதா கோயில் ஸ்கூல் சிஸ்டரிடம் டிக்‌ஷனரியை இரவல் வாங்கி வந்தேன்.

"போர்டிங் பாஸுன்னா என்னா?" என்று கேட்பேன்.

"பஸ் பாஸ் மாதிரி."

"பஸ் பாஸ் மாதிரி இல்லீங்க! சீட்டு நம்பர் போட்டுக் குடுப்பாங்க. அதத் தொலைச்சா ஏத்த மாட்டாங்க."

"அப்ப டிக்கெட்டு."

"டிக்கெட்டு வேற, இது வேற. எத்தன தடவ சொல்றது?"

"நீ கத்துனா தெரிஞ்சதும் மறந்து போவுது" என்று எழுந்து போய்விடுவார். நான் தாளோடு பின்னாலேயே போவேன். ட்ரான்சிட், கேட், இமிக்ரேஷன், லக்கேஜ் எல்லாம் காலையில் வரும், சாயங்காலம் போய்விடும். டிக்ளேர் மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரம்மி ஆடுகிறவர் இல்லையா? "கையில இருக்கறத விரிச்சுக் காட்டறது" என்றார். அன்றைக்கு ஒரு நாள்தான் அவரைப் பாராட்டினேன்.

இரண்டாவது தாளில் ஒரு கேள்வி. வேறு யாராவது எதையாவது கொடுத்து எடுத்துப்போகச் சொன்னார்களா? இதற்கு 'நோ' என்று சொல்ல வேண்டும் என்றேன். அர்த்தம் கேட்டவர், சிரித்துவிட்டார்.

"நம்ம ஊர்ல எவன் பைய எவன் கட்டறான்?"

உண்மைதான். கல்ஃபுக்குப் போகிறவனின் பை தெருவுக்கே பொது. ஒருவர் ஊறுகாய் கொண்டுவருவார், ஒருவர் மூட்டுவலித் தைலம், ஒருவர் மாதா படம். அங்கே இருக்கிற அவரவர் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். மாட்டேன் என்று சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது அத்தை ஒரு பார்சலோடு வந்தார். இரண்டு கிலோ இருக்கும். பழுப்பு டேப் சுற்றி, மேலே மார்க்கரில் மகன் பேர் எழுதியிருந்தது. கறி மசாலா. "நானே வறுத்து அரைச்சது தம்பி. புள்ள நாக்கு செத்துக் கெடக்குறான்" என்று என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்றாவது தாளை டிக்‌ஷனரி வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். மது, பன்றி இறைச்சி, அதெல்லாம் தெரிந்ததுதான். அதற்குக் கீழே 'பாப்பி சீட்ஸ்' என்று இருந்தது. புரட்டினேன். கசகசா என்று போட்டிருந்தது. கொண்டுவந்தால் சிறை என்று தாளிலேயே எழுதியிருந்தது.

நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். நயமாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது.

"அத்தே, பொடியில கசகசா போட்டிருக்கீங்களா?"

"போடாம? கசகசா இல்லாத கறி மசாலா இருக்குதா?"

"அது அங்க ஆவாதாம். புடிச்சு ஜெயில்ல போட்ருவாங்களாம்."

அத்தையின் முகம் சுருங்கியது. "கொழம்புல போடறதுக்கு எவனாவது ஜெயில்ல போடுவானா? எம் புள்ள விசா குடுத்தான், நான் வெஷத்தக் குடுக்கறனா? இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. அவங்கிட்டப் போன்ல சொல்லிக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் எங்களைக் கட்டிப்போட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"விசா குடுத்தவங்க வூட்டுல போயி இப்புடியா கேப்ப? ரெண்டு வார்த்த தெரிஞ்சுட்டா பெரிய கலெக்டரா நீ?"

"கலெக்டர் இல்லீங்க. நீங்க கம்பி எண்ணுனா இங்க அழுவப் போறவ. பாப்பி. சொல்லுங்க. பாப்பின்னா கசகசா. சொல்லுங்க!"

"பாப்பி, பாப்பி, பாப்பி! போதுமா?" என்று கத்தினார். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்சலை எடுத்துப் பையின் அடியில் வைத்து, மேலே துணிகளை அடுக்கி, "பாத்துக்கலாம்" என்று ஜிப்பை இழுத்தார்.

புறப்படுகிற அன்று காலை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். அதுதான் சமயம். முந்தின நாளே, வீட்டுக்கு வருஷ மசாலா அரைக்கிறேன் என்று சொல்லி, மிளகாய், மல்லி, சோம்பு, பட்டை எல்லாம் வறுத்து அரைத்து வைத்திருந்தேன். கசகசா மட்டும் இல்லை. பார்சலை எடுத்து டேப்பை நீராவியில் காட்டிப் பிரித்தேன். ஒட்டின அட்டைப்பெட்டியைத் தடம் தெரியாமல் பிரித்து ஒட்டுவது என் பிழைப்பு. அத்தை பொடியைக் காலி அரிசி டின்னில் கொட்டிவிட்டு என் பொடியை அதில் நிரப்பி, அதே டேப்பை அதே மடிப்பில் ஒட்டினேன். யார் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மாற்றி வைக்கச் சொல்வார், இல்லையென்றால் அத்தையிடமே போய் உளறுவார். மனசில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாத ஆள். சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை வாய் வரை வந்தது. அத்தையும் வழியனுப்ப வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சென்னை பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த நாள் மதியம் அத்தை வாசலில் வந்து நின்றார்.

"எம் புள்ள ஏர்போர்ட்டுல காத்துக் கெடந்தானாம். ஒங்க வூட்டுக்காரரு வெளியவே வரலயாம்."

அன்றும் தகவல் இல்லை, மறுநாளும் இல்லை. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. பொடியைப் பற்றி எனக்குப் பயமில்லை, அதைத்தான் மாற்றிவிட்டேனே. ட்ரான்சிட் என்றால் வெளியே போய்விடாமல் உள்ளேயே இருப்பது என்று அழுத்திச் சொன்னேனா? கேட் நம்பர் மாறினால் பலகையைப் பார்க்கச் சொன்னேனா? அந்த மூன்று தாள்களையும் எடுத்து வைத்து வரிவரியாகப் பார்த்தேன். எந்த வார்த்தையில் அவரைத் தொலைத்தேன் என்று தேடினேன். மாதாவே, தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் என் நாக்கு அழுகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அத்தை தெருவில் நின்றே கத்தினார். "வாடி, போன் வந்திருக்குது!"

ஓடினேன். அந்தப் போனில் பேசுகிறவர் குரல் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். அத்தை என் தோளை ஒட்டி நின்றார்.

"வந்து சேந்துட்டேன்" என்றார். "ரெண்டு நாளு ஒரு ரூம்புல ஒக்கார வெச்சுட்டாங்க."

"ஏங்க? என்னாச்சு?"

"அத்த பார்சலப் பிரிச்சான். பொடிய மோந்து பாத்துட்டு ஏதேதோ கேட்டான். ஒண்ணும் வெளங்கல. அப்புறம் 'பாப்பி?'ன்னான். நீ சொன்னியே, அது மட்டும்தான் வெளங்குச்சு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"யெஸ்ஸுன்னேன். எப்புடி இல்லன்றது? இருக்குதே!"

"அப்புறம்?" என்றேன்.

"பொடிய எடுத்தும்போயி டெஸ்ட்டு பண்ணாங்களாம். அதுல கசகசாவே இல்லன்னு வுட்டுட்டாங்க. அதான் புரியல. அத்த போட்டன்னுதான சொன்னாங்க?"

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினுக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று ஏதாவது புளுகியிருக்கலாம். ரெண்டு நாள் பூட்டின அறையில் உட்கார்ந்திருந்தவரிடம் அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"அது அத்தை பொடி இல்லீங்க. நான் மாத்திட்டேன்."

அத்தையின் கை என் தோளிலிருந்து விலகியது. உள்ளே போய்விட்டார்.

"அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா" என்றார் என் வீட்டுக்காரர், "நோன்னு சொல்லியிருப்பனே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். ரிசீவரைக் காதில் வைத்தபடி, அத்தை உள்ளே போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, "இருக்கியா? இருக்கியா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.