அம்மா வடிகாலில் இறங்கிய ஐப்பசி

அழுகிய வெங்காயத்தாமரையின் நாற்றம் அந்த ஐப்பசி முழுவதும் எங்கள் வீட்டுச் சோற்றில்கூட ஏறியிருந்தது. ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரில், மேலத்தெரு வயல்களுக்கும் கீழத்தெரு வயல்களுக்கும் நடுவே ஓடுகிற வடிகாலில் வெங்காயத்தாமரை மண்டி அடைத்துக்கொண்டதில், நட்டு முடித்த சம்பாப் பயிர் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் கிடந்தது. அப்பா வயலுக்குப் போவார், பார்ப்பார், திரும்பி வருவார், சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்து மறுபடியும் போவார்.

இரண்டு தெருவும் சேர்ந்து இறங்கினால் ஒரே நாளில் அள்ளிவிடலாம். ஆனால் முந்தைய கோடை ஒன்றில் தண்ணீர் முறைக்காக நடந்த சண்டையில், கீழத்தெரு ராசேந்திரன் மண்வெட்டிக் காம்பால் அப்பாவின் தோளில் அடித்திருந்தார். அதிலிருந்து இந்தத் தெருவும் அந்தத் தெருவும் பேசுவதில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவதில்லை. அவர்கள் முதலில் வரட்டும் என்று இங்கேயும், இவர்கள் வரட்டும் என்று அங்கேயும் காத்திருக்க, மழை மட்டும் காத்திருக்கவில்லை.

உரச்சாக்கை மடித்து மழைக்குத் தலையில் "கொங்காணி" போட்டுக்கொண்டு அம்மா தினமும் வடிகால் கரைக்குப் போவாள். நானும் பின்னாலேயே ஓடுவேன். எதிர்க்கரையில் ராசேந்திரனின் மனைவி வசந்தா அதேபோல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல நிற்பார்கள். ஒருநாள் அம்மாவால் தாங்க முடியவில்லை.

"வசந்தாக்கா, உங்க பயிர் வெளிய தெரியுதா?"

நாங்கள் திரும்பப் போகும்போதுதான் அவர் குரல் வந்தது. "நுனி மட்டும் தெரியுது."

"எங்களுதும் அப்படித்தான் கெடக்கு. காலையில நான் எறங்கப் போறேன்."

வீட்டில் அப்பா கோபப்பட்டார். "நீ போயி அதுல நின்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இப்ப மட்டும் என்ன வாழுதாம்" என்றாள் அம்மா, அரிவாளைத் தீட்டியபடியே.

காலையில் அவள் இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக நின்று கொத்துக் கொத்தாய் அறுத்துக் கரையில் எறிந்தாள். பாம்பு இருக்குமே என்று நான் கரையில் இங்கும் அங்குமாய் ஓடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எதிர்க்கரையிலிருந்து வசந்தா இறங்கினார். அப்புறம் ராசேந்திரன் வந்து, கையில் கயிற்றோடு கரையிலேயே நின்றார். அப்பாவும் அவரும் பார்த்துக்கொண்ட அந்தக் கணத்தில் நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அறுப்பதை அவள் நிறுத்தவேயில்லை.

"கையால இழுத்தா வராது. கயித்தப் போட்டுக் கட்டுங்க, இங்கேர்ந்து இழுக்கிறேன்" என்றார் ராசேந்திரன். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மதியத்துக்குள் இரண்டு தெருவிலிருந்தும் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். சாயங்காலம் தண்ணீர் நகர ஆரம்பித்தது. மேட்டு வயல்கள் பிழைத்தன. எங்கள் பள்ளத்து வயல் அழுகித்தான் போயிற்று. அப்பாவும் ராசேந்திரனும் அதற்குப் பிறகும் சிநேகிதர்களாகிவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன்னால், என்றைக்கு இறங்கலாம் என்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கேட்டனுப்பினார்கள்.

இப்போது பொக்லைன் வந்து வாரிவிட்டுப் போகிறது. சில வருஷம் வருவதுமில்லை. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அப்பா இல்லை, ராசேந்திரன் இல்லை, போன வருஷம் வசந்தாவும் போய்விட்டார். தஞ்சாவூரில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு மட்டும் மழை இருட்டினால் இருப்புக் கொள்வதில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாய் நடப்பாள். இந்த ஐப்பசியில், மழை வந்தால் வசந்தாவிடம் போனில் விசாரிக்கிற பழக்கத்தில், அவர் எண்ணையே போட்டுவிட்டாள். எடுத்தது அவருடைய மருமகள், நாகப்பட்டினத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அம்மா திகைத்துப்போய், பிறகு தான் யாரென்று சொல்லி, வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டாள்.

"தெரியலீங்க அத்தை, நான் அந்தப் பக்கம் போனதே இல்ல" என்றது அந்தக் குரல். பிறகு, "வைக்காதீங்க. கொடைய எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்துச் சொல்றேன்."

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.